சிட்னி பிரென்னரும் ஒரு மில்லிமீட்டர் புழுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 அக்டோபரில் மருத்துவ நோபல் அறிவிப்பு வந்ததும் ஒரு புழுவின் பெயர் மறுபடி செய்திகளில் அடிபட்டது. அதிலிருந்து விலங்கியல் மாணவர்கள், ஆசிரியர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களுடன்தான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி மாளவில்லை என்பதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

சிட்னி பிரென்னர் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பர்க் பக்கத்தில் ஜெர்மிஸ்டன் என்ற சிறு நகரத்தில் 1927 ஜனவரி 13 அன்று பிறந்த உயிரியலாளர். பெற்றோர் பால்டிக் பகுதியிலிருந்து குடியேறிய யூதர்கள். அப்பா செருப்புத் தைப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் பல மொழிகள் பேசுவார். மகன் பதினைந்து வயதில் உதவித்தொகையுடன் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்துவிட்டார். படிப்பை முடித்தாலும் மருத்துவராகத் தொழில் செய்ய வயது போதாது என்ற நிலை. அந்த இடைவெளியில் அறிவியல் பட்டங்களைப் படித்தார். அதுதான் அவரை ஆராய்ச்சிப் பக்கம் இழுத்தது.

1954இல் ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம். 1956 டிசம்பரில் கேம்பிரிட்ஜ். அங்கே டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக்கோடு இருபது ஆண்டுகள் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டார். 2002இல் நோபல் பரிசு. 2019 ஏப்ரல் 5 அன்று சிங்கப்பூரில், 92 வயதில் காலமானார்.

அது என்ன புழு? வயித்துல வர்ற கீரிப்பூச்சி மாதிரியா?

ஒரே தொகுதிதான். கீரிப்பூச்சி, கொக்கிப்புழு, யானைக்கால் நோயைத் தரும் புழு, தக்காளி வேரில் முடிச்சு போடும் நூற்புழு எல்லாம் உருளைப்புழுக்கள். நாடாப்புழு இதில் சேராது, அது தட்டைப்புழு.

பிரென்னர் வளர்த்தது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். சுருக்கமாக சி. எலிகன்ஸ். இது ஒட்டுண்ணி அல்ல. யார் உடம்புக்குள்ளும் போகாது, எந்தப் பயிரையும் கெடுக்காது. அழுகும் பழம், மக்கும் தண்டு, எருக்குவியல் போன்ற இடங்களில் பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது. மண்புழு என்று சிலர் எழுதுவது தவறு. மண்ணைத் தோண்டினால் எங்கும் கிடைக்கும் என்பதும் சரியல்ல, அழுகல்தான் அதற்கு வீடு. வளர்ந்த புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். உடல் கண்ணாடி போலத் தெளிவு. 20 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் நிலைக்கு வர மூன்றரை நாள் போதும்.

இந்தப் புழுவைக் கண்டுபிடித்தவரே பிரென்னர்தானே?

இல்லை. முதலில் விவரித்தவர் எமில் மோப்பா, 1900இல், அல்ஜியர்ஸ் நகரில். அவர் வேலை பார்த்தது நூலகத்தில். நுண்ணோக்கி ஓய்வு நேரத்துக்கு. பிறகு பிரான்சில் விக்டர் நிகோன் 1940களில் இதன் குரோமோசோம்களையும் இனப்பெருக்கத்தையும் பார்த்தார். கலிஃபோர்னியாவில் எல்ஸ்வொர்த் டோகர்ட்டி 1948இலேயே, இத்தகைய புழுக்கள் மரபியலுக்கு நல்ல விலங்கு என்று எழுதிவிட்டார். அதை ஆய்வகத்தில் வளர்க்கும் வேலையில் பல ஆண்டுகள் செலவிட்டார். சீனோராப்டிடிஸை தனிப் பேரினமாக உயர்த்தியவரும் அவரே, 1955இல்.

இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கும் அடிப்படை வகைக்கு என்2 என்று பெயர். அதன் மூதாதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே காளான் வளர்க்கும் எருவிலிருந்து எடுக்கப்பட்டது. அது டோகர்ட்டி வழியாகத்தான் பிரென்னர் கைக்கு வந்தது. ஆகவே புழு பிரென்னருடைய கண்டுபிடிப்பு அல்ல. அந்தப் புழுவை வைத்து என்ன கேட்கலாம் என்பதுதான் அவருடையது. என் கணக்கில் இரண்டாவதுதான் கடினம்.

டிஎன்ஏ ஆராய்ச்சியில உச்சத்துல இருந்தவர் எதுக்கு எல்லாத்தையும் விட்டுட்டுப் புழுவுக்குப் போனார்?

உச்சத்தில் இருந்தார் என்பது மிகையில்லை. 1960 கோடையில் பிரான்சுவா ஜேக்கப், மேத்யூ மெசல்சன் இருவரோடும் கலிஃபோர்னியாவில் செய்த சோதனையில்தான் தூது ஆர்என்ஏ (மரபணுவின் செய்தியைப் புரதம் கட்டும் இடத்துக்குக் கொண்டுபோகும் மூலக்கூறு) இருப்பது உறுதியானது. அந்தச் சோதனை முதலில் தோற்றுக்கொண்டே இருந்தது. செல்லில் புரதம் கட்டும் ரைபோசோம்கள் உடைந்து போயின. கரைசலில் இருந்த சீசியம், ரைபோசோமைக் கட்டிக்காக்கும் மக்னீசியத்தை விரட்டுகிறது என்று பிரென்னருக்குக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது உறைத்ததாம். மக்னீசியத்தைக் கூட்டினார்கள், வேலை முடிந்தது. 1961 இறுதியில் கிரிக்கோடும் மற்ற இருவரோடும் சேர்ந்து, மரபுக்குறி மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுகிறது என்றும் காட்டினார்.

1963 ஜூனில் ஆய்வகத் தலைவர் மேக்ஸ் பெரூட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூலக்கூறு உயிரியலின் பழைய கேள்விகள் ஏறக்குறைய தீர்ந்துவிட்டன, மீதியும் பத்தாண்டில் தீரும். இனி போகவேண்டியது உடல் வளர்ச்சிக்கும் நரம்பு மண்டலத்துக்கும் என்பது அதன் சாரம். ஒரு செல்லிலிருந்து உடல் எப்படி உருவாகிறது? மரபணு எப்படி நடத்தையாகிறது? இவற்றை பாக்டீரியாவிடம் கேட்க முடியாது. அதனால் ஒரு விலங்கு தேவைப்பட்டது.

ஈ இருக்கு, எலி இருக்கு. ஏன் இந்தப் புழு?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பிரென்னருக்கு வேண்டியது பாக்டீரியா போல வேகமாகவும் மலிவாகவும் வளரக்கூடிய, ஆனால் நரம்பும் தசையும் குடலும் உள்ள முழு விலங்கு. அதோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: அதன் ஒவ்வொரு செல்லையும் அடையாளம் காண முடிய வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் பார்வைப் பரப்பு மிகச் சிறியது. ஈயின் மூளையே அதற்குப் பெரிது. இந்தப் புழுவின் குறுக்களவோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நண்பர் சீமோர் பென்சர் இதே காலத்தில் நடத்தையின் மரபியலுக்கு ஈயைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் நன்றாகவே பலித்தது. ஆனால் ஈயில் எல்லா நரம்பையும் எண்ணி முடிக்கும் கனவை அன்று யாரும் காண முடியாது.

இனப்பெருக்க முறை அடுத்த காரணம். பெரும்பாலான சி. எலிகன்ஸ் இருபால் உயிரிகள். ஒரே புழு முதலில் விந்தணுக்களை உண்டாக்கிச் சேமித்துக்கொண்டு, பிறகு கருமுட்டைக்கு மாறி, தன்னைத் தானே கருவுறச் செய்து சுமார் 300 குஞ்சுகளைத் தருகிறது. ஒரு திடீர்மாற்றம் (மரபணுவில் நேரும் மாற்றம்) ஒடுங்கு பண்பாக, அதாவது மரபணுவின் இரு பிரதியும் மாறினால்தான் தெரியும் பண்பாக, ஒளிந்திருந்தால் இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கில் அது தானாக வெளிப்பட்டுவிடும். அண்ணன் தங்கைக் கலப்பு என்று திட்டம் போட வேண்டியதில்லை.

இதில் உள்ள தந்திரத்தைப் பலர் கவனிப்பதில்லை. நரம்பு மண்டலத்தைப் படிக்க நரம்பு கெட்ட விலங்கு வேண்டும். நரம்பு கெட்ட ஈ பறக்காது, துணை தேடாது. அதன் வம்சம் அத்தோடு சரி. நகரவே முடியாத புழு மட்டும் படுத்த இடத்திலேயே சுற்றியிருக்கும் பாக்டீரியாவைத் தின்று, துணையில்லாமல் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். முடங்கிய விலங்குகளின் வம்சத்தைச் சிரமமில்லாமல் காப்பாற்றலாம் என்பதுதான் இந்தத் தேர்வின் உயிர்நாடி.

எல்லாமே இருபால் உயிரின்னா கலப்பு எப்படிச் செய்வாங்க?

ஆண்களும் உண்டு. இருபால் புழுவுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. செல் பிரிகையில் எக்ஸ் தவறிப்போனால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு ஆணாகப் பிறக்கும். அந்த ஆணை இருபால் புழுவோடு சேர்த்தால் கலப்புக் குஞ்சுகளில் பாதி ஆண். இப்படி ஆண்களைப் பெருக்கி வைத்துக்கொள்ளலாம். வம்சத்தைத் தூய்மையாக வைக்கத் தன்கருவுறுதல், மரபணுக்களைக் கலக்க ஆண் என இரண்டு வசதியும் ஒரே விலங்கில் கிடைக்கிறது.

ஆய்வகத்துல எப்படி வளக்கறாங்க? எங்க காலேஜ்ல முடியுமா?

ஒரு பெட்ரி தட்டில் அகார், அதன்மேல் எஸ்கெரிசியா கோலை பாக்டீரியா. பெரும்பாலும் ஓபி50 என்ற வகை; யுராசில் என்ற வேதிப்பொருள் இல்லாமல் அது தடிமனாக வளராது என்பதால் பாக்டீரியாப் படலம் மெல்லியதாக இருக்கும், புழு தெளிவாகத் தெரியும். பிளாட்டினம் கம்பியின் நுனியால் புழுவைத் தூக்கி அடுத்த தட்டுக்கு மாற்றுவார்கள். வேண்டாதபோது கிளிசரால் கலந்து திரவ நைட்ரஜனில் உறைய வைக்கலாம்; பல ஆண்டு கழித்து எடுத்தாலும் இளம்புழுக்களில் ஒரு பகுதி உயிரோடு எழும். ஈ வளர்ப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. எத்தனை வகை வைத்திருந்தாலும் தலைமுறை தலைமுறையாகத் தீனி போட்டே ஆகவேண்டும்.

கல்லூரியில் தாராளமாகச் செய்யலாம். நம் ஊரில் பிரச்சினை வெயில்தான். 25 டிகிரியைத் தாண்டினால் குஞ்சுகள் குறையும், இன்னும் சூடேறினால் மலடாகும். 20 டிகிரியில் நிற்கும் இன்குபேட்டர் ஒன்றும், சாதாரண ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம். புழு வகைகள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள பொது இருப்பு மையத்திலிருந்து சிறு கட்டணத்துக்குக் கிடைக்கின்றன.

1974 கட்டுரைன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுல அப்படி என்ன?

பிரென்னர் ஒருவரே ஆசிரியராக எழுதிய கட்டுரை. ஒரு வேதிப்பொருளால் புழுக்களில் திடீர்மாற்றம் உண்டாக்கி, வடிவமோ நடத்தையோ மாறிய சுமார் 300 வகைகளைப் பிரித்து, அவற்றிலிருந்து நூறு மரபணுக்களை அடையாளம் கண்டு, ஆறு இணைப்புத் தொகுதிகளில் (சேர்ந்தே கடத்தப்படும் மரபணுக் கூட்டங்கள்) வரிசைப்படுத்தியிருந்தார். குட்டையானவை டம்பி, தட்டுத்தடுமாறி நகர்பவை அன்கோஆர்டினேட்டட், உருண்டு போகிறவை ரோலர். இந்தப் பெயர்கள் இன்றும் அப்படியேதான்.

கவனியுங்கள்: 1963இல் கடிதம், 1974இல் கட்டுரை. பதினோரு ஆண்டுகள். இன்றைய மானியக் குழு ஒன்று இத்தனை காலம் பொறுத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

959 செல், 302 நரம்புன்னு துல்லியமா சொல்றாங்க. யார் உட்கார்ந்து எண்ணினது?

உண்மையிலேயே உட்கார்ந்துதான் எண்ணினார்கள். 1969இல் பிரென்னர் குழுவில் சேர்ந்த ஜான் சல்ஸ்டன், உயிருள்ள புழுவை நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு செல்லும் எப்போது பிரிகிறது, எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். முட்டை பொரிந்த பிறகு நடப்பவை 1977இல் ராபர்ட் ஹார்விட்ஸோடு சேர்ந்து வெளியாயின. முட்டைக்குள் நடப்பதைப் பதிவு செய்ய நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று ஒன்றரை ஆண்டு கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். 1983இல் அது முடிந்தது. எந்தப் புழுவை எடுத்தாலும் செல்களின் வம்சாவளி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால்தான் இப்படி எண்ணுவதற்கு அர்த்தம் இருக்கிறது. 959 என்பது இருபால் புழுவின் உடற்செல் எண்ணிக்கை, ஆணுக்கு 1031.

நரம்புகளின் கதை வேறு. நிக்கல் தாம்சன் புழுவை மெல்லிய சீவல்களாக வெட்டினார். ஜான் வைட்டும் ஐலீன் சவுத்கேட்டும் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் ஒவ்வொரு நரம்பிழையையும் கையால் தொடர்ந்தார்கள். 302 நரம்புச் செல்களின் முழு இணைப்பு 1986இல் 340 பக்கக் கட்டுரையாக வந்தது. ஒரு விலங்கின் முழு நரம்பு இணைப்பும் வரையப்பட்டது அதுவே முதல் முறை.

செல் சாவுக்கு நோபல் கொடுத்தாங்களாம். சாவுல என்ன கண்டுபிடிப்பு?

மேலே சொன்ன வம்சாவளியை வரைந்தபோது ஒன்று தெரிந்தது. இருபால் புழுவில் மொத்தம் 1090 உடற்செல்கள் உருவாகின்றன. அவற்றில் 131 செத்துவிடுகின்றன. ஒவ்வொரு புழுவிலும் அதே 131, அதே நேரத்தில். அடிபட்டோ நோய்ப்பட்டோ அல்ல, நிகழ்ச்சிநிரல்படி. அப்படியென்றால் சாவுக்கும் மரபணு இருக்க வேண்டும். ஹார்விட்ஸ் குழு அமெரிக்காவில் அவற்றைத் தேடிப் பிடித்தது. செட்-3, செட்-4 என்ற மரபணுக்கள் கெட்டுப்போனால் சாகவேண்டிய செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. செட்-9 அதற்கு எதிர்; சாவைத் தடுப்பது அதன் வேலை.

செட்-9 மனிதரின் பிசிஎல்-2 மரபணுவுக்கு உறவு என்று பிறகு தெரியவந்தது. பிசிஎல்-2 சிலவகை இரத்தப் புற்றுநோய்களில் மிகையாக வேலை செய்து, சாகவேண்டிய செல்களைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. புழுவிலும் மனிதரிலும் ஒரே இயந்திரம் ஓடுகிறது என்பதுதான் செய்தி. 2002 நோபல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் போனது. பிரென்னர் தன் நோபல் உரையில், நான்காவது வெற்றியாளர் புழுதான், ஆனால் பரிசுப் பணத்தில் அதற்குப் பங்கு கிடையாது என்று சொல்லிச் சிரிக்க வைத்தார்.

மொத்தம் எத்தனை நோபல் இந்தப் புழுவால வந்தது?

நேரடியாகப் பார்த்தால் மூன்று. 2002 பற்றிச் சொல்லியாயிற்று. 2006 ஆண்ட்ரூ ஃபையர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும், இரட்டை இழை ஆர்என்ஏவால் மரபணுவை அடக்கும் முறைக்காக. 2024 விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறான மைக்ரோ ஆர்என்ஏவுக்காக. இவர்கள் இருவரும் ஹார்விட்ஸ் ஆய்வகத்தில் பயின்றவர்கள். 2008 வேதியியல் நோபலையும் சேர்த்து நான்கு என்பவர்கள் உண்டு. பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான பரிசு அது. பங்கு பெற்ற மார்ட்டின் சால்ஃபி அதைப் புழுவின் தொடுநரம்புகளில் ஒளிர வைத்துக் காட்டியவர், அவரும் பிரென்னர் காலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்தவர். தேர்வில் கேட்டால் ஆண்டுகளோடு எழுதிவிடுங்கள், வம்பில்லை.

நரம்பு வரைபடம் முழுசா இருக்குல்ல, அப்போ புழு அடுத்து என்ன செய்யும்னு சொல்லிடலாமே?

முடியாது. மின்வாரியத்தின் கம்பி வரைபடம் கையில் இருந்தாலும் எந்த வீட்டில் எப்போது விளக்கு எரியும் என்று தெரியாது. எந்த இணைப்பு தூண்டுகிறது, எது அடக்குகிறது, எவ்வளவு வலுவாக என்பதெல்லாம் 1986 படங்களில் தெரியவில்லை. கம்பியே இல்லாமல் பரவும் நரம்புப் பெப்டைடுகள் (நரம்புகள் சுரக்கும் சிறு புரதத் துண்டுகள்) வேறு இருக்கின்றன. பசித்த புழுவும் வயிறு நிறைந்த புழுவும் ஒரே வாசனைக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். இரண்டுக்கும் வரைபடம் ஒன்றுதான்.

அதற்காக வீண் என்றும் சொல்லக்கூடாது. மெல்லத் தொட்டால் புழு விலகுவதற்குப் பொறுப்பான ஆறு உணர்நரம்புகளையும், அவை இணையும் நரம்புகளையும் தெளிவாகச் சொல்ல முடிந்தது இந்த வரைபடத்தால்தான். பிரென்னர் எதிர்பார்த்த முழு விடை கிடைக்கவில்லை. துண்டு துண்டாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

நம்ம ஊர் நோய்க்கு இதனால என்ன லாபம்?

பள்ளியில் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையான அல்பெண்டசோல் எங்கே தாக்குகிறது? புழுவின் டியூபுலின் என்ற புரதத்தை. இந்த மருந்துக் குடும்பத்துக்கு சி. எலிகன்ஸ் அசையாமல் தாக்குப்பிடிக்க ஒரே ஒரு டியூபுலின் மரபணு கெட்டால் போதும் என்று 1989இல் தெரிந்தது. ஆடுமாடுகளின் குடற்புழுக்களில் மருந்து ஏன் பலிக்காமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது பெரிய திறவு. யானைக்கால் ஒழிப்பில் பயன்படும் ஐவர்மெக்டின் தாக்கும் குளோரைடு வாயில்களையும் (செல்லின் சவ்வில் குளோரைடு அயனிகளுக்கு வழிவிடும் புரதங்கள்) முதலில் சி. எலிகன்ஸில்தான் பிரித்தெடுத்தார்கள், 1994இல்.

காரணம் எளிது. யானைக்கால் புழுவையும் கொக்கிப்புழுவையும் தட்டில் வளர்த்துத் தலைமுறை பார்க்க முடியாது. அவற்றின் சாதுவான உறவுக்காரனை வளர்க்கலாம். எல்லாவற்றையும் அதிலிருந்து ஊகித்துவிட முடியாது. ஒட்டுண்ணி வாழ்க்கைக்கென்றே தனிக் குணங்கள் உண்டு.

ஒரு மரபணுவை மாத்தினா ஆயுள் ரெண்டு மடங்காகுமாமே, மனுசனுக்கும் ஆகுமா?

புழுவில் ஆகும். இரண்டு மூன்று வாரம் வாழும் புழு, டாஃப்-2 என்ற மரபணு பலவீனமானால் இரு மடங்கு வாழ்கிறது. 1993இல் இதைக் காட்டியவர் சிந்தியா கென்யன். அவரும் ஒருகாலத்தில் பிரென்னர் குழுவில் இருந்தவர். அந்த மரபணு நம் இன்சுலின் ஏற்பிக்கு உறவு என்பதால் ஆர்வம் இயல்பு. ஆனால் புழுவுக்கு உணவில்லாத காலத்தைக் கடக்க உறங்குநிலை இளம்புழு என்ற ஏற்பாடு உண்டு, இந்த மரபணு அதோடு பிணைந்தது. நமக்கு அந்த ஏற்பாடு இல்லை. இதைக் காட்டி மாத்திரை விற்பவர்களை நம்ப வேண்டாம்.

தூது ஆர்என்ஏ, மரபுக்குறி இதுக்கெல்லாம் அப்பவே நோபல் ஏன் தரல? அதே மாதிரி டோகர்ட்டிக்கு அநியாயம் ஆகலியா?

மரபுக்குறிக்கான 1968 பரிசு நிரென்பெர்க், கொரானா, ஹோலி மூவருக்குப் போனது. அவர்கள் வேதியியல் வழியாக எழுத்து எழுத்தாகப் படித்தவர்கள். ஒரு பரிசுக்கு மூன்று பேர் என்ற விதி இருக்கும்வரை யாராவது வெளியே நிற்கத்தான் செய்வார்கள். 1960களிலேயே ஒன்று கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்தும்.

டோகர்ட்டி விஷயம் மூன்றாம் பதிலில் இருக்கிறது. அவர் 1965இல் இறந்துவிட்டார், புழு புகழ்பெற்றதைப் பார்க்கவில்லை. அவருக்குரிய இடத்தைப் பாடநூல்கள் தருவதில்லை என்பது உண்மை. பிரென்னர் செய்த வேறொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: புழு வகைகளை, வெளியிடாத தகவல்களை, முறைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் தரும் பழக்கம் அந்தக் குழுவைச் சுற்றி வளர்ந்தது. 1975இலிருந்து புழு ஆய்வாளர்களுக்கென்றே ஒரு செய்திமடல் ஓடியது. 1998இல் ஒரு பலசெல் விலங்கின் ஜீனோம் (முழு மரபுத் தொகுப்பு) முதன்முதலாக முழுமையாக வாசிக்கப்பட்டபோது அது சி. எலிகன்ஸாக இருந்ததற்கு இந்தப் பகிர்வும் ஒரு காரணம். தனியாள் ஒருவர் நல்ல விலங்கைக் கண்டால் மட்டும் அது நடந்திருக்காது.

சிங்கப்பூர்ல அவருக்கு என்ன வேலை?

1980களிலிருந்தே அங்கே மூலக்கூறு உயிரியல் நிறுவனம் அமைக்க ஆலோசகராக இருந்தார். பிறகு பயோபோலிஸ் என்ற உயிரியல் ஆராய்ச்சி வளாகத்தின் பின்னணியிலும் அவர் குரல் உண்டு. சிங்கப்பூர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை தந்தது. புழுவை விட்டபின் அவர் பிடித்தது பஃபர் மீன். முதுகெலும்பிகளில் மிகச் சிறிய ஜீனோம்களில் ஒன்று அதனுடையது. அதன் வரிசை 2002இல் வெளியானதிலும் சிங்கப்பூருக்குப் பெரும் பங்கு.

அவர் பேர்ல ஒரு புழு இருக்காமே?

இருக்கிறது. சீனோராப்டிடிஸ் பிரென்னரி, 2007இல் பெயரிடப்பட்டது. வெப்ப நாடுகளில் வாழ்வது. அதில் தன்கருவுறுதல் கிடையாது, ஆணும் பெண்ணும் தனித்தனி. மரபணு வேறுபாடு விலங்குகளிலேயே மிக அதிகமாக உள்ள இனங்களில் ஒன்று. ஐந்தாம் பதிலில் சொன்ன முடங்கிய புழு அந்த இனத்தில் பிறந்தால் வம்சம் தேறுவது கடினம்.